இரண்டு ரேஷன் கார்டு, ஒரு தறி

ரேணுகாம்பாளுக்கு ஆண் பிள்ளை இல்லையே என்று பிள்ளையார்பாளையமே முப்பது வருஷம் உச்சுக்கொட்டியது. கடைசியில் அந்தக் குறைதான் அவளுக்குக் கஞ்சி ஊற்றியது. முதியோர் பென்ஷனுக்கு மனு கொடுத்தபோது தாலுகா ஆபீசில் கேட்ட முதல் கேள்வியே, வளர்ந்த மகன் இருக்கிறானா என்பதுதான். இல்லை என்றாள். மனசு கேட்காமல், ஆரணியில் கட்டிக்கொடுத்த மகள் ஒருத்தி இருக்கிறாள் என்றும் சொல்லிவைத்தாள். மகளைப் பற்றி உன்னை யார் கேட்டது என்பது போலக் குமாஸ்தா அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

பெற்ற மகன் தனிக்குடித்தனம் போய், தாயைத் திரும்பியும் பார்க்காத வீடுகள் அதே தெருவில் நாலைந்து உண்டு. அந்தத் தாய்மார்களுக்கு ஒரு பைசா கிடையாது, மகன்தான் இருக்கிறானே! ரேணுகாம்பாளுக்கோ மாசா மாசம் தபால்காரர் வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டு இருபது ரூபாய் கொடுத்துவிட்டுப் போனார். ஊருக்கு எது குறையோ அது சர்க்காருக்கு நிறை, ஊருக்கு எது நிறையோ அது சர்க்காருக்குக் குறை என்பதை அவள் அன்றைக்கே கண்டுகொண்டாள். கண்டுகொண்டவள் அதை ஞாபகம் வைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அந்த இருபது ரூபாயில், இழுத்துப் பிடித்தால், ஒரு வயிறு ஓடிவிடும். இரண்டு வயிறு ஓடாது. இரண்டாவது வயிறு அவள் தம்பி நமச்சிவாயத்துடையது.

நமச்சிவாயம் கைதேர்ந்த நெசவாளி. பெண்டாட்டி குழந்தை குட்டி இல்லாமலே சின்ன வயசில் போய்ச் சேர்ந்துவிட்டாள். ஐம்பது தாண்டிய வயசில் ஒரு நாள் காலையில் தறியில் உட்கார்ந்தவனுக்கு, வலது கை விழுந்துவிட்டது. வலது காலும் கொஞ்சம் இழுத்துக்கொண்டது. பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்தார்கள், எண்ணெய் தேய்த்தார்கள், நேர்ந்துகொண்டார்கள். கால் பாதி திரும்பியது, கை திரும்பவில்லை. வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டுத் தன் தறியோடு அக்கா வீட்டுக்கே வந்துவிட்டான். கை வந்ததும் நெய்யலாம் என்று முன் அறையில் குழி வெட்டித் தறியையும் பூட்டிவைத்தார்கள். இரண்டு வருஷமாக அது, நீளவாட்டில் கட்டுகிற பாவு நூல் இல்லாமல் வெறுமனே நிற்கிறது.

மில்லில் வேலை பார்த்தவனுக்கு வேலை போனால் கையில் ஏதாவது கொடுத்து அனுப்புவார்கள். வாத்தியாருக்கு வயசானால் பென்ஷன். வீட்டுத் தறியில் உட்காருகிறவனுக்கு இரண்டும் கிடையாது. அவன் என்றைக்கு வேலையை விட்டான் என்று சொல்லக்கூட ஓர் ஆள் கிடையாது. ஒரு நாள் முதலாளியிடமிருந்து பாவு வராமல் நின்றுபோகும், அவ்வளவுதான்.

நமச்சிவாயம் பசியில்லை என்று சொல்ல ஆரம்பித்தான். காலையில் டீக்கடையில் குடித்தேன் என்பான், ராத்திரி வயிறு மந்தம் என்பான். ரேணுகாம்பாளுக்குத் தெரியாதா? மேல்சட்டையைக் கழற்றினால் விலா எலும்பு எண்ணலாம் போல இருந்தது. கை கால் முடியாதவர்களுக்கும் சர்க்கார் பென்ஷன் கொடுக்க ஆரம்பித்திருக்கிறது என்று காதில் விழுந்த அன்றே அவள் தாலுகா ஆபீசுக்குக் கிளம்பிவிட்டாள். அது எழுபத்தாறாம் வருஷம், ஆடி மாசம்.

ஆபீஸ் வாசலில் புங்கமரத்தடியில் மனு எழுதுகிறவர் தணிகாசலம். உள்ளே இருப்பவர்களைவிட அவருக்குத்தான் ஆபீஸ் பற்றி அதிகம் தெரியும் என்று ஊரில் பேச்சு. அதை அவரே கிளப்பிவிட்டிருப்பார். ரேணுகாம்பாள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டுப் பேனாவை மூடி வைத்தார்.

"ஒரு வூட்டுக்கு ரெண்டு பென்ஷன் கேக்கறீங்க."

"ஒரு வூட்டுக்கு இல்லப்பா. எனக்கு ஒண்ணு வருது. அவனுக்கு ஒண்ணு கேக்கறேன். அவனுக்குக் கை இல்ல, எனக்குப் புருசன் இல்ல. ரெண்டும் வேற வேற குறைதானே?"

"நீங்க சொல்றது ஞாயம்தாம்மா. ஆனா ஒரே ரேஷன் கார்டுல ரெண்டு பேர் பேரும் இருக்குது. பாக்கறவன் இன்னா எழுதுவான்? 'இவரை அக்கா காப்பாத்தறாங்க, பென்ஷன் தேவையில்ல'ன்னு எழுதுவான். அதோட வுட்டா பரவால்ல. 'இந்தம்மாவுக்குத் தம்பி துணை இருக்குது, இவங்களுக்கும் தேவையில்ல'ன்னு உங்களோடதையும் நிறுத்திட்டான்னா?"

"அவன் என்னைக் காப்பாத்தறானா? சோத்தையே இடது கையால துன்றான்!"

"அது எனக்குத் தெரியும். எழுதறவனுக்குத் தெரியணுமே."

வழியையும் அவரே சொன்னார். கார்டைப் பிரிக்க வேண்டும். முன் அறையில் தம்பி, பின்னால் அக்கா. தனி அடுப்பு, தனிச் சமையல். விசாரணைக்கு வருகிறவர் கேட்டால், தம்பிக்கும் எனக்கும் கொடுக்கல் வாங்கல் இல்லை, அவனை நான் காப்பாற்றவில்லை என்று சொல்லிவிட வேண்டும். அதிர்ஷ்டம் அடித்தால் இரண்டும் கிடைக்கும், இல்லாவிட்டால் இருப்பதும் போகும்.

ரேணுகாம்பாள் வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் நமச்சிவாயம் குதித்தான்.

"வேணாம்க்கா. எனக்கு ஒண்ணும் வேணாம். கை இல்லாதவன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டு, அதுக்குப் பிச்ச வாங்கணுமா? இருக்கறது போனா நீ இன்னா பண்ணுவே?"

"கையெழுத்தா? அதுக்கே கை இல்லடா உனக்கு. பெருவிரல்தான் வைக்கணும்," என்றாள் அவள். சொன்ன மறு நிமிஷமே நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் அவளுக்கு அப்படித்தான் பேச வரும். பயம் வந்தால் திட்டு, பாசம் வந்தாலும் திட்டு. தம்பி பசியோடு படுக்கிறான் என்கிற எண்ணம் அவளைத் தின்றுகொண்டிருந்தது. அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் அவனைத் தின்றாள்.

கார்டைப் பிரிப்பதற்குள் ஐப்பசி பிறந்துவிட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் கை விழுந்ததற்குச் சர்டிபிகேட் வாங்கினார்கள். முன் அறை மூலையில் புதிதாக ஓர் அடுப்புப் போட்டாள். அதில் ஒரு நாளும் உலை கொதிக்கவில்லை. தன் அடுப்புச் சாம்பலில் கொஞ்சம் அள்ளி அதில் போட்டுவைத்ததோடு சரி. சோறு வழக்கம் போலப் பின்னாலிருந்துதான் வந்தது. அதிலும் ஒரு வம்பு. தனிச் சமையல் என்று எழுதிக்கொடுத்த பிறகு அக்கா பானையில் சாப்பிடுவது பொய் இல்லையா என்று நமச்சிவாயம் கேட்டான். "சர்க்காரு உன் வாயைத் திறந்தா பாக்கப்போவுது? துன்னுடா," என்று தட்டை அவன் முன்னால் தள்ளினாள்.

வியாழக்கிழமை ஆர்.ஐ. வருகிறார் என்று தகவல் வந்தது. ஆர்.ஐ. என்றால் ரெவின்யூ இன்ஸ்பெக்டர். அவர் நேரில் பார்த்து எழுதுவதுதான் எழுத்து; அதற்கு மேல் தாசில்தார் கையெழுத்துப் போடுவார். புதிதாக வந்திருப்பவர், பெயர் ராமலிங்கம், கூரம் பக்கத்தில் விவசாயக் குடும்பம், கை நீட்டாதவர் என்று தணிகாசலம் விசாரித்து வைத்திருந்தார். கடைசியாகச் சொன்னதைக் கொஞ்சம் வருத்தத்தோடுதான் சொன்னார்.

அவ்வளவு பெரிய மனிதர் வீட்டுக்கு வருகிறார் என்றதும் ரேணுகாம்பாளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வாசலைச் சாணம் தெளித்துப் பெருக்கினாள். ஒட்டடை அடித்தாள். அடுத்த வீட்டுக் கங்கையம்மாளிடமிருந்து மடக்கு நாற்காலி ஒன்று வாங்கிவந்து போட்டாள். எல்லாம் செய்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால், முன் அறையின் நடுவில் வெறுந்தறி நின்றது.

அந்தத் தெருவில் ஒரு வழக்கம். வெளியாள் வீட்டுக்கு வரும்போது தறி வெறுமனே நிற்கக் கூடாது. பெண் பார்க்க வருகிறவர்கள், சம்பந்தி வீட்டார், ஊர்ப் பெரியவர், யாராக இருந்தாலும் சரி, அவர்கள் வாசற்படி ஏறும்போது தறியில் பாவு இருக்க வேண்டும். வெறுந்தறியைக் காட்டுவது விருந்தாளி முன்னால் வெறும் தட்டை வைப்பது மாதிரி. அவருக்கும் ஆகாது, வீட்டுக்கும் ஆகாது. பாவு இல்லாத வீட்டுக்கு யாராவது வருகிறார்கள் என்றால் அக்கம்பக்கத்தில் ஏதாவது கொடுத்து உதவுவார்கள். அதில் யாருக்கும் கூச்சம் கிடையாது. திருநீறு கேட்டு வாங்குவது போலத்தான்.

கங்கையம்மாளின் புருஷன் தர்மனுக்கு அப்போது ஒரு கஷ்டம். அடைமழையில் அவன் தறிக்குழியில் தண்ணீர் ஊறி, முழங்கால் அளவு நின்றது. பாதி நெய்த முகூர்த்தச் சேலை, அரக்கு உடல், பச்சைக் கரை, தை மாசக் கல்யாணத்துக்கு. ஈரத்தில் பாவு கெட்டுவிடும் என்று தவித்துக்கொண்டிருந்தான். ரேணுகாம்பாள் வீட்டுத் தளம் கொஞ்சம் மேடு. அவர்கள் குழியில் ஈரம் கிடையாது.

"எங்க தறியில பூட்டிக்கோ தர்மா. உனக்கும் ஆச்சு, எங்களுக்கும் சார் வர சமயத்துல தறி நெறஞ்ச மாதிரி ஆச்சு," என்றாள் ரேணுகாம்பாள்.

தர்மனும் நாலு பேருமாகச் சேர்ந்து, இழை கோத்த அச்சு, விழுது, சுருட்டிய சேலை எல்லாவற்றையும் அப்படியே குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கிவந்து புதன்கிழமை சாயங்காலமே பூட்டிவிட்டார்கள். தெருவில் பார்த்தவர்கள் எல்லோரும் நல்லதாச்சு என்றார்கள். பென்ஷன் மனுவை ஒரு வரி விடாமல் மனப்பாடம் செய்திருந்த ரேணுகாம்பாளுக்கும் சரி, கையில்லாதவன் என்று எழுதிக்கொடுத்த நமச்சிவாயத்துக்கும் சரி, அதில் ஒரு தப்பு இருப்பதாகத் தோன்றவே இல்லை. மங்களகரமான காரியம், அதில் தப்பு எங்கே வரும்?

ராமலிங்கம் சைக்கிளில் வந்தார். பேண்ட் முழங்கால் வரை சேறு. முப்பது வயசு இருக்கும். பார்த்தால் கண்டிப்பானவராகவும் தெரியவில்லை, இளகினவராகவும் தெரியவில்லை, நனைந்தவராகத் தெரிந்தார். வாசலில் செருப்பை விட்டுவிட்டு உள்ளே வந்தவர் நாற்காலியில் உட்காரவில்லை. நேராகத் தறியைத்தான் பார்த்தார்.

அறையின் பாதி அதுதான். அரக்குப் பட்டும் பச்சைக் கரையும் ஜரிகையுமாக, மழைக்கால வெளிச்சத்திலும் பளபளவென்று இருந்தது. ரேணுகாம்பாளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

"இங்க யாரு நெய்யறது?" என்றார் ராமலிங்கம்.

"யாரும் இல்ல சார். சும்மா இருக்குது."

"சும்மாவா? பாதி சேலை நெய்ஞ்சிருக்குது. அம்மா, நான் விவசாயி வூட்டுப் பையன். பயிர் நிக்கிற நிலத்தைக் காட்டி, மழையில்ல, நிவாரணம் குடுன்னு கேட்டா எப்படி இருக்கும்?"

ரேணுகாம்பாளுக்கு அப்போதுதான் உறைத்தது. வழக்கத்தைச் சொன்னாள், வெளியாள் வருகிறார், வெறுந்தறி ஆகாது, அதற்காகத்தான் என்றாள். சொல்லச் சொல்ல அவள் காதுக்கே அது புளுகு மாதிரி கேட்டது. வாசலில் நின்றுகொண்டிருந்த தர்மன் உள்ளே ஓடிவந்தான்.

"சார், பாவு என்னுது சார். என் குழியில தண்ணி. அதான் இங்க கட்டியிருக்கறேன்."

"அப்போ தறியை வாடகைக்கு வுட்டிருக்காரு. அதுவும் வருமானம்தான்."

"ஐயையோ, வாடகையெல்லாம் இல்ல சார்!"

"வாடகை இல்லாம எவன் தறி குடுப்பான்?"

குடுப்பாங்க சார் என்று வாசலில் இருந்த பெண்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் சொன்னார்கள். ராமலிங்கம் கையை உயர்த்தி அடக்கினார். கோபப்படவில்லை. தறியைச் சுற்றிவந்தார், அடுப்பைப் பார்த்தார், சாம்பலைப் பார்த்தார், இரண்டு கார்டையும் வாங்கிப் பார்த்தார். அதிலெல்லாம் அவருக்குச் சந்தேகம் வரவில்லை. தணிகாசலம் சொல்லிக்கொடுத்ததெல்லாம் சரியாகவே இருந்தது. யாரும் சொல்லிக்கொடுக்காமல் தானாகச் செய்ததுதான் கழுத்தை அறுத்தது.

"நான் ஆளைப் பாத்து எழுதறவன். உங்களுக்கு நெய்ய முடியலன்னு சர்டிபிகேட் இருக்குது. இங்க தறி நெறஞ்சி நிக்குது. எதை நம்பறது? உக்காந்து காட்டுங்க. முடியலன்னா முடியலன்னு எழுதிட்டுப் போறேன்," என்றார் நமச்சிவாயத்திடம்.

இது நல்ல வழிதான். நியாயமான வழியும்கூட. முடியாது என்று காட்ட வேண்டியதுதான் பாக்கி. ரேணுகாம்பாளுக்கு மூச்சு வந்தது.

நமச்சிவாயம் இடது கையால் தறிமரத்தைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குழியில் இறங்கி உட்கார்ந்தான். இரண்டு வருஷத்துக்கு அப்புறம் அன்றைக்குத்தான் உட்காருகிறான். வலது கை மடியில் துவண்டு கிடந்தது. கால்கள் கீழே மிதியைத் தேடிக்கொண்டன. தறியில் ஒரு கை மேலே தொங்குகிற பிடியை இழுக்க வேண்டும், அப்போது ஊடு நூலைக் கொண்டுபோகிற நாடா குறுக்கே ஓடும். மறு கை அச்சுப் பலகையை அடித்து இழையை நெருக்க வேண்டும். இரண்டையும் இடது கையாலேயே செய்யப் பார்த்தான். பிடியை இழுத்துவிட்டுப் பலகைக்குத் தாவினான். நாடா பாதி வழியில் நின்றது. பாவு இழை இரண்டு மூன்று அதில் மாட்டிக்கொண்டு இழுபட்டது.

"அண்ணே, அண்ணே, இழை போயிடும்!" என்று தர்மன் அலறினான். அவன் சேலை. ஓர் இழை அறுந்தாலும் கோடு விழும், கோடு விழுந்த முகூர்த்தச் சேலையை எந்தக் கல்யாண வீட்டிலும் எடுக்க மாட்டார்கள்.

நமச்சிவாயத்துக்கும் அது தெரியும். அவன் மட்டும் அப்போது பலகையை ஓங்கி ஓர் அடி அடித்திருந்தால், இழை அறுந்திருக்கும், ஆர்.ஐ. எழுதியிருப்பார், உயிரோடு இருக்கிற வரைக்கும் பென்ஷன். அவனால் அது முடியவில்லை. நாடாவை விரல் நுனியால் மெல்ல எடுத்து, மாட்டிய இழைகளை ஒவ்வொன்றாக விடுவித்து, மறுபடி ஒழுங்காகப் போடத்தான் பார்த்தான். கை இல்லாவிட்டாலும் கெடுத்து நெய்ய வரவில்லை அவனுக்கு. நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது. மறுபடி நாடா நின்றது, மறுபடி இழைகள் விம்மின.

ரேணுகாம்பாளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. "இருடா, இருடா," என்று போய் அவன் வலது பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்றால் இரண்டையும் இழைக்கு இழை கோத்துத்தான் நெய்ய வேண்டும். அதற்குப் பெயர் கோர்வை. கோர்வைக்கு வலது பக்கம் இன்னோர் ஆள் உட்கார்ந்து கரை நாடாவைப் போட்டுக்கொடுக்க வேண்டும். கல்யாணம் ஆகிப் போகும் வரை ரேணுகாம்பாளின் இடம் அதுதான். இப்போது கரை நாடாவையும் போட்டாள், தம்பியின் வலது கை இழுக்க வேண்டிய பிடியையும் அவளே இழுத்தாள். அவன் மிதித்தான், இடது கையால் அடித்தான். முதல் நாலைந்து இழை தடுமாறியது. அப்புறம் சத்தம் சீரானது. யாரும் யாருக்கும் எதுவும் சொல்லவில்லை. அவள் விட்டாள், அவன் அடித்தான். இரண்டு கிழடுகளும் எங்கே இருக்கிறோம் என்பதையே மறந்துவிட்டார்கள். தர்மனே வாயைப் பிளந்துகொண்டு, தான் நெய்வதைவிட நெருக்கமாக இருக்கிறதே என்று பார்த்துக்கொண்டு நின்றான்.

விரல்கடை அளவு சேலை ஏறியபோது ராமலிங்கம், "போதும், பாத்துட்டேன்," என்றார்.

சத்தம் நின்றது. ரேணுகாம்பாள் அப்போதுதான் நிமிர்ந்தாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். தான் செய்துவைத்த காரியம் என்ன என்று அவளுக்குப் புரிந்தது.

ராமலிங்கம் இப்போது நாற்காலியில் உட்கார்ந்தார். வாசல் பக்கம் பார்த்துக் கூட்டத்தைக் கொஞ்சம் தள்ளிப்போகச் சொன்னார். யாரும் போகவில்லை.

"அம்மா, நான் கண்ணால பாத்ததை எழுதணும்னா, ரெண்டு பேரும் சேந்து வேலை செய்யறீங்க. அவருக்குப் பென்ஷன் இல்ல. வேலை செய்ய முடியாதுன்னு நீங்க வாங்கறதும் நின்னுடும்."

"சார், அது வந்து..."

"இருங்க. நான் அதை எழுதறதுக்கு முன்ன ஒரு கேள்வி கேட்டுக்கறேன். அவரைத் தனியா எடுத்தா, அவரால நெய்ய முடியாது, பாத்தேன். உங்களைத் தனியா எடுத்தா, உங்களுக்கு வயசாயிடுச்சு, அதுவும் பாக்கறேன். கார்டும் ரெண்டு, அடுப்பும் ரெண்டு. தனித்தனியா எழுதினா ரெண்டு பேருக்கும் உண்டு. சேத்து எழுதினா ரெண்டு பேருக்கும் இல்ல. நீங்க யாருன்னு நீங்களே சொல்லுங்க. ஆனா ஒண்ணு, தனின்னு சொல்லிட்டு நாளைக்கு நான் இந்தப் பக்கம் வரும்போது ரெண்டு பேரும் ஒரே தறியில உக்காந்திருந்தா, என் வேலைக்குச் சீட்டுக் கிழிஞ்சிடும்."

ரேணுகாம்பாள் தம்பியைப் பார்த்தாள். அவன் ஆர்.ஐ. சொன்னதில் பாதியைக் கேட்டானோ என்னவோ. குழியில் உட்கார்ந்தபடியே, புதிதாக ஏறின விரல்கடைச் சேலையை இடது கையால் தடவிக்கொண்டிருந்தான். இரண்டு வருஷத்தில் அவன் முகத்தில் அப்படி ஒரு தெளிவை அவள் பார்த்ததில்லை. அவனைக் கேட்டால் என்ன சொல்வான் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். பென்ஷன் வேண்டாம்க்கா, நீ பக்கத்துல உக்காரு, நெய்ஞ்சி பொழச்சிக்கலாம் என்பான். சொல்லிவிட்டுச் சிரிப்பான்கூட.

அவள் இடுப்பு விண்விண் என்று தெறித்தது. இந்தக் கொஞ்ச நேரத்துக்கே இப்படி. ஒரு முழுச் சேலைக்கு மாசக்கணக்காகும். தை வரை தாங்குவாளா? அவள் படுத்துவிட்டால் அவன் அப்போது தனி ஆள்; தறியும் ஓடாது, பென்ஷனும் இருக்காது. அவன் சிரிப்பைப் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு எவ்வளவோ ஆசை இருந்தது. ஆனால் சிரிப்பை வைத்து உலை வைக்க முடியாது. ஆர்.ஐ.யை அவனிடம் கேட்க விடக் கூடாது என்று முடிவு செய்தாள்.

"தனியா எழுதுங்க சார்," என்றாள்.

நமச்சிவாயத்தின் கை சேலைமேல் அப்படியே நின்றது.

"நீங்க வாயால சொல்லணும், நான் எழுதணும். இவரை நீங்க காப்பாத்தறீங்களா?"

"இல்ல."

"இவரு வேலையில கூடமாட ஒத்தாசை பண்றீங்களா?"

"இல்ல."

"உடம்புக்கு முடியாம வுழுந்துட்டா இவரை யாரு பாத்துக்குவாங்க?"

இந்தக் கேள்வியைத் தணிகாசலம் சொல்லிக்கொடுக்கவில்லை. ரேணுகாம்பாள் வாசல் பக்கம் திரும்பினாள். வாசலில் கங்கையம்மாளும் மற்றவர்களும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இத்தனை வருஷம் இதே தெருவில், தம்பியைப் பார்க்காத அக்கா, தாயைப் பார்க்காத மகன் என்று எத்தனை பேரை அவள் வாய்க்கு வந்தபடி ஏசியிருக்கிறாள்!

"யாரும் இல்ல சார். அவனுக்கு யாரும் இல்ல."

சொல்லி முடித்ததும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் அதுவும் ஒரு சாட்சி என்று பயந்து, முந்தானையால் வாயை அழுத்திக்கொண்டாள்.

ராமலிங்கம் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார். நமச்சிவாயம் குழியிலிருந்து எழுந்திருக்கப் பார்த்தான். இறங்கியது போல ஏறுவது சுலபமில்லை. வலது கால் கீழேயே தங்கிவிட்டது, இடது கை மரத்தில் வழுக்கியது. அதைப் பார்த்ததும் ரேணுகாம்பாள் இரண்டு எட்டு முன்னால் போய்க் கையை நீட்டினாள். யோசித்து நீட்டிய கை இல்லை அது.

அவன் அதைப் பிடித்துக்கொள்ளவில்லை. எழுதிக்கொண்டிருந்தவர் பக்கம் ஒரு தரம் பார்த்தான். கோபமாகச் சொல்லியிருந்தாலும் அவளுக்குப் பரவாயில்லை. மெதுவாகத்தான், அவளுக்கு நல்லது சொல்வது போலத்தான் சொன்னான்.

"கையை எட்துக்கோக்கா. சார் இன்னும் எழுதி முடிக்கல."

அவள் கையை இழுத்துக்கொண்டாள். அவன் மறுபடி முயன்றான், மறுபடி சரிந்து உட்கார்ந்தான். கடைசியில் தர்மன்தான் குனிந்து, அக்குளில் கை கொடுத்து அவனைத் தூக்கி மேலே விட்டான். அடுத்த வீட்டுக்காரன் தூக்கிவிட்டால் சட்டத்தில் ஒன்றும் இல்லை. ரேணுகாம்பாள் யாரோ போலச் சுவரோரமாக நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.